எண்ணூர்ப் பாட்டை எழுதியவர் யார்?

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய நாள்களில், நிவாரணப் பொருள்களுடன் அங்கே சென்றிருந்தோம். கரையில் அமர்ந்திருந்த ஓர் ஆயா, “வலையில மீனு ஏறல, கருப்புதான் ஏறிச்சு” என்றார். இரண்டு கித்தார், ஒரு பேஸ் கித்தார், ஒரு டிரம்ஸ் என்றிருந்த எங்கள் நால்வருக்கும் அதுவே முதல் பாட்டின் பல்லவியாயிற்று.

பதிவு எளிதாகவே முடிந்தது. டிரம்ஸுக்கு மட்டும் ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்துவிட்டு, கித்தாரையும் குரலையும் சுவரில் மெத்தையைச் சாய்த்து வீட்டிலேயே பதிந்தோம். மாஸ்டரிங் எனும் கடைசிக்கட்ட ஒலிச் சீரமைப்பில் ஒலியை முடிந்தவரை உயர்த்தினோம். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்கு (மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்பது அதன் அளவு) சமன்செய்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சிக்கல், பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தின் படிவத்தில் வந்தது. அட்டைப்படமும், ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்தெண்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடும் ஐந்து நிமிட வேலை. ‘பாடலாசிரியர்’ என்ற கட்டத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்தபோது கை நின்றது. பாடலாசிரியருக்குரிய ராயல்டியை எவரும் எழுதி வாங்கிவிட முடியாதபடி செய்த 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுபவன் நான். ஆற்றைப் பறிகொடுத்தவரின் சொல்லை நானே எடுத்துக்கொண்டு, அதைப் பறிப்புக்கு எதிரான பாட்டு என்று வெளியிடவிருந்தேன்.

மறுநாளே எண்ணூர் சென்று, பாடலாசிரியராக அவர் பெயரைப் போடலாமா என்று ஆயாவிடம் கேட்டோம். “எம் பேரு எதுக்குப்பா? ஊரு பேரைப் போடு” என்றார். படிவமோ ஊர்ப் பெயரை ஏற்கவில்லை. ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்துப் பெயரை இட்டால், குடும்பப் பெயர் இல்லாத ஆசிரியரைத் தளம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. (தலைப்பெழுத்தோடு வாழும் நமக்கு இந்தக் கட்டம் எப்போதுமே ஒரு தொல்லை.) அவருடைய தகப்பனார் பெயரை இரண்டாம் பெயராக எழுதிய பிறகே ஏற்றுக்கொண்டது. ஸ்பாட்டிஃபை தொகுக்கும் பாட்டுப் பட்டியல்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்னதாகவாவது அனுப்ப வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

வரிகளுக்கான ராயல்டியில் பாதி அவருக்கு என்று கையெழுத்திட்டிருக்கிறோம். பிரிக்க இன்னும் ஒரு ரூபாயும் வரவில்லை.

பாட்டைப் பேரனின் கைப்பேசியில் கேட்ட ஆயா, “மேளம்தான் கேக்குது, நான் சொன்னது எங்க?” என்றார். அவர் சொன்னது சரிதான். குரலை மேலேற்றி மறுபடியும் மிக்சிங் செய்துகொண்டிருக்கிறோம்.