பட்டனில் தொடங்குங்கள்

மைக்ரோகன்ட்ரோலர் கற்க எல்.இ.டி. மினுக்குவதோடு நிற்காதீர்கள். ஒரு பட்டனை ஒழுங்காகப் படிக்க வைத்தால் பாதிப் பாடம் அதிலேயே வந்துவிடும். சிப் ஏடிமெகா328பி, அதன் கடிகார வேகம் 16 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

பட்டனின் ஒரு காலை கிரவுண்டிலும் மற்றதை சிப்பின் உள்ளீட்டுப் பின்னிலும் (pin) இணைத்து, உள் புல்-அப்பை (பின்னை 1-இல் இழுத்து வைக்கும், சிப்புக்குள்ளேயே உள்ள மின்தடை) இயக்குங்கள். அழுத்தினால் 0, விட்டால் 1. புல்-அப் இல்லாவிட்டால் பின் அந்தரத்தில் தொங்கும். கை அருகே போனாலே மதிப்பு மாறும்.

இனி அழுத்தங்களை நிரலில் எண்ணிப் பாருங்கள். ஒரு தடவை அழுத்தினால் ஐந்தாறு என்று காட்டலாம். உள்ளே இருக்கும் உலோகத் தகடு சில மில்லிசெகண்ட் துள்ளுவதுதான் காரணம். பலரும் இங்கே டிலே (சிப்பைச் சும்மா காத்திருக்க வைக்கும் கட்டளை) போடுகிறார்கள்; அந்த நேரம் முழுக்க மற்ற வேலை நின்றுபோகும். சிப்பிலுள்ள டைமர்1-ஐ சிடிசி முறையில் (குறித்த எண்ணை எட்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும் முறை), 64 பிரீஸ்கேலரோடு (கடிகார வேகத்தை 64-ஆல் வகுப்பது) ஓட்டுவதே சரி. நொடிக்கு 2,50,000 எண்ணிக்கை, 5 மில்லிசெகண்டுக்கு 1250. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் 1249 எழுத வேண்டும். இப்படி 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் இன்டரப்டில் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) பட்டனைப் படித்து, தொடர்ந்து நான்கு முறை ஒரே மதிப்பு வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்டரப்ட் மாற்றும் மாறியை வோலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) என்று அறிவிக்காவிட்டால், கம்பைலரில் ஆப்டிமைசேஷன் (நிரலைச் சுருக்கி வேகப்படுத்துவது) போட்டதும் முதன்மை லூப் பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். அதுவும் போதாது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: இது 8 பிட் சிப், 16 பிட் மாறியை இரண்டு தவணையாகப் படிக்கும். 255-ன் கீழ் பைட்டைப் படித்ததும் இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்கினால், உங்களுக்குக் கிடைப்பது 511. இன்டரப்டை நிறுத்தி, நகலெடுத்து, உடனே முன்பிருந்த நிலைக்குத் திருப்புங்கள்.