பெயர்களை இனம் பிரிக்கிறேன்: மூன்றாவது வாரம்

தினம் பத்துச் சொல், சொல்லுக்கு ஓர் அட்டை. பின்பக்கத்தில் அது என்ன வகைப் பெயர் என்று எழுதி, அதற்குரிய பெட்டியில் போட வேண்டும். இவ்வளவுதான் திட்டம். இன்றோடு 21 நாள். 210 அட்டை சேர்ந்திருக்க வேண்டும், இருப்பது 174. சோம்பல் பாதி, எண்ணெய் பாதி. எண்ணெய்க்கு அப்புறம் வருகிறேன்.

முதல் வாரம் சுலபம். மண், மரம் காரணம் இல்லாமல் இட்ட பெயர், ஆக இடுகுறிப்பெயர். பறப்பதால் பறவை, ஆக காரணப்பெயர். தஞ்சாவூர் தேய்ந்து தஞ்சை ஆனது மரூஉ. ‘இல்முன்’ இடம் மாறி ‘முன்றில்’ ஆனது இலக்கணப்போலி. நகர்ப்புறம் புறநகர் ஆனதும் அப்படித்தான்.

ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வரும் ஆகுபெயரில்தான் கை தடுமாறியது. ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தது ஊர்மக்கள்; இடவாகுபெயர், சரி. ‘மஞ்சள் பூசினாள்’? கிழங்கின் பெயர்தான் நிறத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்து, பொருளாகுபெயர் என்று எழுதிவிட்டேன். பாடநூலில் பார்த்தால் பண்பாகுபெயர்: நிறத்தின் பெயர் கிழங்குக்கு ஆகி வந்ததாம். அட்டையைத் திருத்தினேன், மனசு இன்னும் ஒப்பவில்லை.

இப்போது எண்ணெய். எள் + நெய் = எண்ணெய். காரணப்பெயர் என்று போட்டு முடித்தாயிற்று. மறுநாள் எடுத்த சொல் தேங்காய் எண்ணெய். அதில் எள் எங்கே இருக்கிறது? மண்ணெண்ணெய் அதைவிட மோசம், நெய்யும் இல்லை. பெயர் எல்லோருக்கும் பொதுவாகிப் போனதில், சொந்தக்காரனான எள் ‘நல்ல’ என்று ஓர் அடைமொழி போட்டு, நல்லெண்ணெய் என்று தன்னை அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது! செல்போன் வந்த பிறகு வீட்டு போன் ‘லேண்ட்லைன்’ ஆனதும் இதே கதைதான். ஆங்கிலத்தில் இதை ரெட்ரோனிம் என்கிறார்கள். என் பெட்டிகள் எதிலும் இது அடங்காததால், ‘வீட்டை வாடகைக்கு விட்டவர்’ என்று புதுப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்க.

வினையாலணையும் பெயர் பயமுறுத்தியது, ஆனால் ஒரே சோதனையில் தீர்ந்தது. ‘படித்தல்’ காலம் காட்டாது, தொழிற்பெயர். ‘படித்தவர்’ காலம் காட்டி ஆளையும் காட்டும், அதுதான் வினையாலணையும் பெயர்.

மேசையில் இன்னும் ஒன்பது அட்டை வகை தெரியாமல் கிடக்கிறது. மேலே இருப்பது ‘வற்றல்’. வற்றுவது என்றால் தொழிற்பெயர், வற்றிய பொருள் என்றால் தொழிலாகுபெயர். இரண்டு அட்டையாக எழுதினால் கணக்கில் ஒன்று கூடும்.