அப்பத்தாவைக் கேட்காமல் சொன்ன பதில்

"அந்த அம்மாவ மட்டும் திங்கக்கெழமையிலேருந்து தண்ணி குடுக்குற வேலைக்கு வரச் சொல்லுங்க மேடம். மனுவ விட்டுடுங்க."

ஊராட்சி கிளார்க் இதைச் சொன்னபோது அப்பத்தா வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்ததா, தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "வேண்டாம் சார், தேதி போட்டு ரசீது கொடுங்க" என்றேன்.

வேலை கேட்டு நாங்கள் கொண்டுபோன அந்த மனுவில் மொத்தம் 11 பேர், எல்லோருமே 65-ஐத் தாண்டியவர்கள். நூறு நாள் வேலைக்குப் போனால், "வெயில்ல ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது" என்று கண்மாய்க் கரையிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். அந்த வேலைக்கு அப்போதிருந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பியிருந்தால் போதும், மேல் வரம்பே இருக்கவில்லை. வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டியிருந்தது. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, அப்புறம் பாதியாவது. ஆனால் கையில் தேதியிட்ட ரசீது இல்லையென்றால், வேலை கேட்டதற்கே சாட்சி இல்லை. வாய்வார்த்தையில் முடித்துக்கொண்ட ஊர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு வேலை கிடைக்கும், மற்றவர்கள் அப்படியே நிற்பார்கள், இரண்டு மாதத்தில் அந்த ஒருவரையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் அன்று நான் சொன்னது சரிதான்.

சரிதான் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் அந்த வாசல் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒன்றிய அலுவலகத்தில் 7 நாளில் முடிய வேண்டிய புகார் அது. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு, பிறகு மாவட்டக் குறைதீர்ப்பாளர் என்று ஐந்து மாதம் இழுத்தது. அந்த ஐந்து மாதமும் அப்பத்தா, விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் கரி பொறுக்கப் போனார். எனக்கு அது விசாரணை நாளன்றுதான் தெரியும்.

"உங்களால வேலை பார்க்க முடியுமா பாட்டி?" என்று அதிகாரி கேட்டார். அப்பத்தா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ரேகைகளிலெல்லாம் கரி. "நேத்து வரைக்கும் மூட்டத்துலதான் கெடந்தேன்." கைநாட்டு வைப்பதற்கு முன் கட்டைவிரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தார், அப்போதும் கரி போகவில்லை. அந்தக் கைதான் எங்களுக்கு ஆதாரமாக நின்றது. 11 பேருக்கும் வேலை கொடுக்க உத்தரவு வந்தது. அறைக்குள் இருந்தவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது: குடத்தோடு நிழலில் நின்றிருக்க வேண்டிய கை அது.

கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? "நீ பாத்துச் செய் தாயி" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் என் மனசு ஆறியிருக்குமா? அதுவும் தெரியவில்லை. வயதானவர் என்பதற்காக அவர்கள் அவரைக் கேட்காமல் முடிவு செய்தார்கள் என்பதுதான் எங்கள் புகாரே. அதைத்தானே நானும் செய்தேன்?

பிறகு இன்னொரு ஊரில் அதே பேச்சு வந்தது. "பெரியவருக்கு மட்டும் ஏதாவது பார்த்துக்கலாம்." இந்த முறை அவரை உள்ளே கூப்பிட்டு, இரண்டு வழியையும் விளக்கி, "நீங்களே சொல்லுங்கய்யா" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை, "சரி" என்றார். வெளியே நின்ற ஆறு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஓர் அம்மா மட்டும் என் கையிலிருந்த மனுவை வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.