எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கோவையிலிருந்து தயாராவது

ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதற்கு மேல் ஏறி நிற்க இடம் கிடையாது. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறவர்கள் விமானத்தில் போய் இறங்கும் லுக்லாவோ 2,860 மீட்டரில் இருக்கிறது. நம் பக்கத்து மலைகளெல்லாம் முடிந்துபோன உயரத்தில்தான் அந்தப் பயணமே தொடங்குகிறது. முகாம் இருப்பது 5,364 மீட்டரில். கோவையில் இருந்துகொண்டு அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்க வழியில்லை. கால்களைப் பழக்கலாம், நடையின் வேகத்தைப் பழக்கலாம், வாயைத் திறந்து ‘தலை வலிக்கிறது’ என்று சொல்லப் பழகலாம். பங்குனியில் தொடங்கி இப்போது புரட்டாசி வரை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஐப்பசியில் புறப்பாடு.

‘செய்துகொண்டிருக்கிறோம்’ என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். அவன் அரை மாரத்தான் ஓடுகிறவன். பயணத் திட்டம் வந்த அன்றே அவனுக்கு ஒரு மனக்குறை. “மச்சான், நாம்சேயில் ஒரு நாள் தங்கல், டிங்போச்சேயில் ஒரு நாள் தங்கல். இரண்டு நாள் வீண்தானே?”

“வீண் இல்லை மாப்பிள்ளை. அந்த இரண்டு நாளுக்காகத்தான் வழிகாட்டியோடு போகிறோம்” என்றேன். அவன் நம்பவில்லை. காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. லுக்லாவிலிருந்து முதல் நாள் பாக்டிங்குக்கு இறக்கம், 2,610 மீட்டர். மறுநாள் நாம்சே பஜார், 3,440. அங்கே இரண்டு இரவுகள். பிறகு தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410. அங்கும் இரண்டு இரவுகள். அடுத்து லோபுச்சே 4,940, முகாமுக்கு முந்தைய கடைசித் தங்கலான கோரக் ஷெப் 5,164. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. பாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 830 மீட்டர் ஏறுகிறோம். அங்கே ஒரு நாள் தங்காமல் போவது கடன் வைத்துவிட்டு ஓடுவதுபோலத்தான்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். அடிவார முகாமில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியளவுக்கு வந்துவிடுகிறது. உடம்பு வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். அப்போது கரியமில வாயு கூடுதலாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை ஏறும். பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றிச் சிறுநீரகம்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும். மலையில் இரவில் அடிக்கடி எழுந்து வெளியே போக வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இந்த வேலையைக் கோவையிலேயே முடித்துக்கொண்டு போக முடியாது. நன்றாக ஓடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு: கால் இழுக்கும் வேகத்துக்கு அவர்கள் ஏறிவிடுவார்கள், சிறுநீரகம் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

எங்கள் முதல் பெரிய ஒத்திகை சித்திரையில், வெள்ளியங்கிரியில். பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு எல்லோரையும்போல இரவில் ஏறினோம். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: மூக்கால் மட்டும் மூச்சு. வாயைத் திறக்க வேண்டி வந்தால் நிற்காமல் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதல் மலையின் கற்படிகளில் இது பெரிய சோதனை. பள்ளிப் பிள்ளைகள், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்கள், தோளில் குழந்தையைச் சுமந்த ஓர் அப்பா என்று எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். ஆனால் ஏழாவது மலையில் மூச்சு வாங்காமல் நின்று விடியலைப் பார்த்தவர்களில் நாங்களும் உண்டு.

இறக்கம் வேறு கதை. திருநீற்று மலையின் பொடி மண்ணில் ஒவ்வோர் அடியையும் தடியை ஊன்றித்தான் வைக்க முடிந்தது. முதல் மலையின் படிகளுக்கு வந்தபோது தொடைகள் தாமாகவே நடுங்கத் தொடங்கின. அடுத்த இரண்டு நாளும் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். ஏறுவதற்கு எந்தச் சிரமமும் இல்லை. காரணம் எளியது. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுவது இந்த இரண்டாவது வகை வேலையில்தான். நல்ல செய்தி என்னவென்றால், அதே வேலையைச் சில வாரங்களுக்குள் மறுபடி கொடுத்தால் தசை அதைப் பாதி வலியோடு கூட உணராது. கோரக் ஷெப்பிலிருந்து லுக்லாவுக்கு மூன்றே நாளில் இறங்க வேண்டிய திட்டம் எங்களுடையது. ஏறப் போவதோ எட்டு நாள். ஆகவே வைகாசியிலிருந்து எங்கள் பயிற்சி தலைகீழானது.

மேல் மாடிக்கு லிஃப்ட்டில் போவது, முதுகில் பையோடு படியில் இறங்குவது. கீழே வந்ததும் மறுபடி லிஃப்ட். எங்கள் குடியிருப்பின் காவலாளி சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏறுவதற்கு லிஃப்ட், இறங்குவதற்குப் படியா சார்? எல்லோரும் மாற்றியல்லவா செய்வார்கள்?” விளக்கினேன். தலையாட்டினார். மறுநாள் முதல் என்னைப் பார்த்தாலே லிஃப்ட் பொத்தானை அழுத்தி வைத்தார்.

பையில் இட்லி அரிசி. சுமைப் பயிற்சிக்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை. மாவு அரைக்கும் நாளில் என் மனைவி பையிலிருந்தே அரிசியை எடுத்துவிடுவதால் அன்றைய பயிற்சி இலேசாகிவிடும். மலையில் நாங்கள் சுமக்கப் போவது தண்ணீர், மழைச்சட்டை, இறகு ஜாக்கெட் போன்றவை மட்டும், ஆறேழு கிலோவுக்குள். பெரிய மூட்டையைச் சுமைதூக்குபவர் கொண்டுவருவார், எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒருவர். நம் மூட்டையின் எடையைக் குறைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. மூன்றாவது ஜீன்ஸை எடுத்து வைப்பவர்களை எனக்குப் புரிவதில்லை.

மழைக்காலத்தில் மருதமலைப் படிகள். கிருத்திகையன்று மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை, கூட்டத்தில் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. புதிய காலணிகளைப் பழக்கியதும் அங்கேதான். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்கினோம். தடித்த கம்பளிக் காலுறை போட்டு இறங்கும்போது கட்டைவிரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது. கணுக்காலுக்கு மேல் உள்ள கொக்கியில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினால் குதிகால் அசையாமல் நிற்கிறது. சின்ன வேலைதான், நகம் கறுத்துப் போவதைத் தடுக்கிறது.

மருந்து விஷயத்தை மருத்துவரிடமே விட்டோம். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று விசாரித்த பிறகு அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம், காலையும் மாலையும் என்று எழுதிக் கொடுத்தார். முன்பு சொன்ன சிறுநீரக வேலையை விரைவுபடுத்தும் மருந்து அது. மலையில் முதல்முறையாகப் போட்டுப் பார்ப்பதைவிட ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டோம். மதியத்துக்குள் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பன்னீர் சோடா. கடையில் நின்று ஒரு மடக்குக் குடித்தேன். குமிழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, நாக்கில் சுருக்கென்ற அந்தக் கடி மட்டும் இல்லை. இனிப்பான பன்னீர்த் தண்ணீர். மாப்பிள்ளை கடைக்காரரிடம் வேறு பாட்டில் கேட்டான், அதுவும் அப்படியே. சோடாவின் கடியை நாக்கு உணர உதவும் நொதியையும் இந்த மருந்து தடுத்துவிடுகிறது. கடைக்காரர் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஆவணியில் வழிகாட்டியோடு தொலைபேசியில் பேசினோம். எவரெஸ்ட் இருக்கும் சோலுகும்பு பகுதிக்காரர், எங்களோடு இந்தியில் பேசினார். எவ்வளவு தூரம் ஓடுவீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. “தலைவலி வந்தால் என்னிடம் சொல்வீர்களா, மறைப்பீர்களா?” என்றுதான் கேட்டார். மாப்பிள்ளை சிரித்தான், அவர் சிரிக்கவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மாத்திரையை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள்தான் தனக்குப் பெரிய தலைவலி என்றார்.

அதன் பிறகு குறிப்பேட்டில் ஒரு கட்டம் போட்டோம். லேக் லூயிஸ் அளவுகோல் என்பார்கள்: தலைவலி, குமட்டல் அல்லது பசியின்மை, சோர்வு, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. தலைவலியோடு மொத்தம் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அது உயர நோய், அன்று மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ உடனே இறக்கம், இரவானாலும் சரி. மாலையில் நான் அவனுக்கு மதிப்பெண் போட வேண்டும், அவன் எனக்கு. தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணில் இருவருக்கும் நம்பிக்கை இல்லை.

மீதி எல்லாம் காகித வேலை. நேபாளத்துக்கு விமானத்தில் போக நமக்கு விசா வேண்டாம், ஆனால் ஆதார் போதாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். பயணக் காப்பீட்டில் உயர வரம்பு எத்தனை மீட்டர், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற இரண்டையும் சிறிய எழுத்தில் தேடிப் படிக்க வேண்டும். உறங்குபையைக் கத்மாண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். கோவையில் அதை வாங்கி வைத்து அப்புறம் என்ன செய்வது?

சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் கத்மாண்டுவிலிருந்து புறப்படுவதில்லை. நள்ளிரவில் கிளம்பி நாலைந்து மணி நேரம் சாலையில் போய் ராமேச்சாப்பில் ஏற வேண்டும். மூட்டைக்கும் கைப்பைக்கும் சேர்த்து 15 கிலோதான். மேகம் இறங்கினால் அன்றைக்கு விமானமே கிடையாது. ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளைக் காலியாக விட்டிருக்கிறோம். காலணியை மூட்டையில் போடாமல் காலிலேயே போட்டுக்கொண்டு போகிறோம். மூட்டை தொலைந்தால் மற்றதை நாம்சேயில் வாங்கிவிடலாம், பழகிய காலணியை வாங்க முடியாது.