சிங்கப்பூரில் வாங்கிய சைக்கிளை டர்பனுக்குக் கொண்டு வந்த கதை

வெளிநாட்டில் சைக்கிள் வாங்கித் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டு வர யோசிக்கிறவர்கள் முதலில் 25,000 ரேண்ட் என்ற எல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்கினால் வேலை சுலபம், வரியும் தாங்கக்கூடியதுதான். தாண்டினால் கணக்கே வேறு.

நான் டர்பனில் இருக்கிறேன். அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை நடக்கும் 106 கிலோமீட்டர் அமஷோவா சைக்கிள் பந்தயத்துக்குப் போக ஆசை. என் பழைய சைக்கிளை வைத்துக்கொண்டு அந்த மேடுகளில் ஏற முடியாது. நான் குள்ளம், எனக்கான ஃப்ரேம் அளவு இங்கே கடைகளில் கேட்டால் "சொல்லி வைக்கிறோம்" என்பார்கள், அப்புறம் தகவலே வராது. சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது ஒரு கடையில் அதே அளவு இருந்தது. விலை ஜிஎஸ்டி சேர்த்து 1,635 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

வாங்கும் முன்பே சார்ஸ், அதாவது இங்குள்ள வருவாய்த் துறை, பயணிகளுக்கு என்ன விதி வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து கையோடு கொண்டு வரும் பொருளில் ஆளுக்கு 5,000 ரேண்ட் வரை வரி கிடையாது. அதற்கு மேல் வரும் 20,000 ரேண்டுக்கு மொத்தமாக 20 சதவீதம் கட்டினால் போதும். குறைந்தது 48 மணி நேரமாவது நாட்டுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், 30 நாளுக்கு ஒரு முறைதான் இந்தச் சலுகை. மனைவி கூட வந்தால் இரண்டு பேர் சலுகையையும் சேர்த்து ஒரே சைக்கிளுக்குப் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் அவளுக்கும் தனியாக 5,000 உண்டு. அதனால் துணிமணி, தைலம், அக்கா கட்டிக்கொடுத்த பலகாரம் எல்லாம் அவள் கணக்கில், சைக்கிள் மட்டும் என் கணக்கில் என்று பிரித்தோம். அக்கா எனக்கென்று ஒரு கைபேசி வாங்கி வைத்திருந்தாள், அதை அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அது சேர்ந்தால் 25,000 தாண்டிவிடும்.

இதை அத்தானிடம் விளக்கினால் அவர் சிரிக்கிறார். "எதுக்கு மச்சான் இவ்வளவு கணக்கு? ஒரு வாரம் ஓட்டு, டயர்ல நல்லா சேறு படியட்டும், பழைய சைக்கிள்னு சொல்லிட்டுப் போயிரு." இந்த யோசனையை டர்பனிலும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் விதியில் புதியதோ பயன்படுத்தியதோ இரண்டுக்கும் ஒரே வரம்புதான், சேறு பூசி ஒரு பைசா மிச்சமாகாது. இதில் இன்னொன்று, தென்னாப்பிரிக்காவுக்குள் மண் கொண்டு வருவதற்கே தனி அனுமதி வேண்டும். சுங்க வரியிலிருந்து தப்பிக்கப் போய் விவசாயத் துறையிடம் மாட்டிக்கொள்வது என்ன புத்திசாலித்தனம்!

கடைக்காரரும் தன் பங்குக்கு, பில்லில் விலையைக் குறைத்துப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தப்பான விலை காட்டிப் பிடிபட்டால் பொருளே பறிபோகலாம். அது இருக்கட்டும், சுற்றுலாப் பயணியாகச் சிங்கப்பூர் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறுவதும் அதே பில்லை வைத்துத்தான், அங்கே குறைத்தால் இங்கே நமக்குத்தான் நஷ்டம். அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம், என் பில்லில் அது 135 வெள்ளி. குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் கேட்கலாம். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும், வாங்கி இரண்டு மாதத்துக்குள் பொருளோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

சாங்கி விமான நிலையத்தில் ஒரு விஷயம் கவனம். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே ஜிஎஸ்டி வேலையை முடிக்க வேண்டும். இயந்திரத்தில் விண்ணப்பித்ததும் பொருளைக் காட்டச் சொல்லலாம், அப்போது சைக்கிள் விமானத்தின் வயிற்றுக்குள் இருந்தால் எதைக் காட்டுவது? என்னைக் காட்டச் சொன்னது. அதிகாரி பெட்டியின் கைப்பிடி ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, பில்லில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டுவிட்டு விட்டார். பணம் பிறகு கார்டில் வந்தது, கட்டணம் கொஞ்சம் கழித்துக்கொண்டு.

பெட்டி கட்டியது கடைக்காரர்தான். பெடல் இரண்டையும் கழற்றி (இடது பெடலின் மரை தலைகீழ், வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும்), ஹேண்டில்பாரைத் திருப்பி ஃப்ரேமோடு கட்டி, முன் சக்கரத்தை எடுத்த இடத்தில் ஃபோர்க் நசுங்காமல் ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகினார். கியர் மாற்றும் பின் பகுதியை மட்டும் நான் வற்புறுத்திக் கழற்ற வைத்தேன், பெட்டி சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான். ஃப்ரேமுக்கு அடியில், பெடல் அச்சுக்குக் கீழே, வரிசை எண் பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு பில்லிலும் எழுதச் சொன்னேன். மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதன் பேட்டரி பெரும்பாலும் 160 வாட்-மணி (Wh) அளவுக்கு மேல் இருக்கும், பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள்.

டர்பனுக்குப் போகிறவர்களானாலும் முதலில் இறங்கும் இடத்தில்தான் சுங்கச் சோதனை, எனக்கு அது ஜோகன்னஸ்பர்க் ஓ.ஆர்.டாம்போ. பெரிய பெட்டி மற்ற பைகளோடு பெல்ட்டில் வராது, வேறு கதவு வழியாக வரும், அதற்கே நிறைய நேரம் நின்றோம். அப்புறம் நேராக, வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்கள் போகும் சிவப்பு வழிக்குப் போனேன். அதிகாரி ஒரு அம்மா. நாடாவைக் கத்தியால் கீறி, ஃப்ரேமைத் தட்டிப் பார்த்து, பில்லைக் கேட்டார். "பிளாட் ரேட்டா, சாதாரண வரியா?" என்று அவரே கேட்டது (பிளாட் ரேட் என்பது அந்த மொத்த 20 சதவீதம்) எனக்கு ஆச்சரியம்தான், தேர்வு நம்முடையது என்று பலருக்குத் தெரியாது. ஜிஎஸ்டி திரும்ப வரப்போகிறதே, அதைக் கழிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். கையில் இருக்கும் பில்தான் கணக்கு என்றார். வாதாடினால் மிச்சமாவது 370 ரேண்ட், பின்னால் வரிசை வேறு நீண்டுகொண்டிருந்தது, சரி என்றுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கு 13.70 ரேண்ட் என்று வைத்தால் சைக்கிள் சுமார் 22,400 ரேண்ட். 5,000 போக மீதி 17,400, அதில் 20 சதவீதம் 3,480. கார்டில் கட்டி ரசீது வாங்கினேன்.

இதையே கூரியரில் அனுப்பியிருந்தால் பயணிச் சலுகை எதுவும் கிடையாது. சைக்கிளுக்குச் சுங்க வரி 15 சதவீதம், அது 3,360. வாட் எனும் மதிப்புக்கூட்டு வரியும் 15 சதவீதம்தான், ஆனால் வெறும் விலைக்கு அல்ல: விலையோடு 10 சதவீதம் ஏற்றி 24,640, அதோடு சுங்க வரியையும் கூட்டி 28,000, அதற்கு 15 சதவீதம் 4,200. ஆக 7,560 ரேண்ட். இது போக அனுப்பும் கூலி, கிளியரிங் ஏஜெண்ட் கட்டணம். பயன்படுத்திய சைக்கிளைக் கூரியரில் வரவழைப்பது இன்னும் தலைவலி. பழைய பொருட்களை இறக்குமதி செய்ய ஐடாக் (ITAC) என்ற அரசு வர்த்தக ஆணையத்தின் அனுமதி தேவை, அது இல்லாமல் பெட்டி கிடங்கிலேயே கிடக்கும்.

உள்நாட்டு விமானத்தில் அதே பெட்டிக்குத் தனிக் கட்டணம் பிடுங்கினார்கள், கீறிய நாடாவுக்கு மேல் புது நாடா ஒட்டும் வேலையும் நமக்கே. எல்லாம் கூட்டிப் பார்த்தால் விலைக்காக மட்டும் யாரும் இப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். மிச்சம் பெரிதாக இல்லை, ஏதாவது பழுதென்றால் உத்தரவாதத்துக்குச் சிங்கப்பூர் கடையைத்தான் பிடிக்க வேண்டும். அளவு கிடைக்காதவர்களுக்குச் சரிப்படும்.

ரசீதைக் கொடுக்கும்போது அந்த அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். இந்தச் சைக்கிளை வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதானால் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும்போது இது புதிதாக வாங்கியதல்ல என்று நாம்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். வரிசை எண் எழுதிய பில்லும் வரி ரசீதும் இப்போது பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறையிலேயே இருக்கின்றன.