‘செடி’ என்று எழுதியதற்கு மூன்று வாரம் தண்டம்

எங்கள் ஓடைக்கரையில் எதையும் வெட்டக் கூடாது, சுவர் எழுப்பக் கூடாது என்று மனுப் போட்டு வாங்கிய ஆணை கையில் வந்து பத்து நாள் ஆகிறது. ஆனாலும் ஓடைக்கரையில் 40 மீட்டர் மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கேட்டது பெரிய விஷயமில்லை. ஓடையின் 200 மீட்டர் நீளத்துக்கு, கரையிலிருந்து 10 மீட்டர் வரை எதையும் வெட்டாதீர்கள், சுவர் எழுப்பாதீர்கள். அக்கம்பக்கத்தார் கையெழுத்தெல்லாம் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது.

சறுக்கியது நான்தான். மனுவில் ‘பொருள்’ என்ற இடத்தில் ‘கரையோரச் செடிகளைப் பாதுகாத்தல்’ என்று எழுதினேன். செடி என்றதும் மனு நேராகப் பூங்காப் பிரிவுக்குப் போய் மூன்று வாரம் தூங்கியது. நேரில் போனால் எழுத்தர், “அது பூங்கா இல்லையே சார், வெறும் புதர்தானே?” என்றார். தண்ணீர் ஓடும் பகுதி ஒரு பிரிவின் பொறுப்பு, கரை நிலம் இன்னொரு பிரிவின் பொறுப்பு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லை காட்டும் வரைபடம் இருவரிடமும் இல்லை. நில அளவைப் பிரிவில் நகல் வாங்கி, சிவப்புப் பேனாவால் நானே கோடு போட்டுக் கொடுத்தேன்.

நிழல் போனால் தண்ணீர் சூடாகும், 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரையாகக் குறையும் என்றெல்லாம் முதல் மனுவில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். ஒருவரும் படிக்கவில்லை. இரண்டாவது மனுவில் ‘கரை அரிப்பைத் தடுத்தல்’ என்று மாற்றினேன். வேர் மண்ணைப் பிடிக்கிறது, வேர் போனால் மண் சரிந்து ஓடை தூரும், பிறகு தூர்வாரும் செலவு உங்களுக்கு. அவ்வளவுதான். கோப்பு நகர்ந்தது.

பார்வையிட வந்த பொறியாளர் செங்குத்தான மண்கரையில் இருந்த துளையைக் கண்டு எலி வளை என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அதிலிருந்து மீன்கொத்தி ஒன்று அம்பாகப் பாய்ந்து போனது. “இதுக்குள்ளயா கூடு?” என்று குனிந்து குனிந்து பார்த்தார். ‘இவ்விடத்தில் சுவர் தேவையில்லை’ என்று குறிப்பில் அவரே எழுதிக்கொண்டார். மூன்று மாதத்தில் நான் சிரித்தது அன்று மட்டும்தான்.

ஆணை வந்த ஆறாம் நாள், சனிக்கிழமை காலை, பொக்லைன் சத்தம். ஓட்டுநர் மேல் குற்றமில்லை. ஒப்பந்தக்காரருக்கே ஆணையின் நகல் போகவில்லை. நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் கோரை முழுக்க வழிக்கப்பட்டிருந்தது. தட்டான் குஞ்சுகள் தண்ணீரிலிருந்து ஏறித் தோலுரிப்பது அந்தத் தண்டுகளில்தான். உரித்த தோல்கள் சில, சேற்றில் மிதிபட்ட தண்டுகளில் அப்படியே ஒட்டியிருந்தன.

மனு கொடுப்பவர்கள் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். ஆணையின் அடியில் ‘நகல்: ஒப்பந்தக்காரருக்கு’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்று சேர்க்கச் சொல்லுங்கள். வார விடுமுறையில் கரைப்பக்கம் ஒரு நடை போய்வாருங்கள், அன்றைக்கு அலுவலகத்தில் தொலைபேசி எடுக்க ஆள் இருக்காது.

இப்போது ஆணையின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு, எல்லைக் குச்சிகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த முறை வேறு ஓட்டுநர் வருவார்.