கோனாவில் கடல்குதிரைகளோடு அரை நாள்

ஹவாயின் பெரிய தீவுக்குப் போனால் எரிமலைக்கு ஒரு நாள், கடற்கரைக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்வது வழக்கம். கோனா விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓஷன் ரைடர் என்ற கடல்குதிரைப் பண்ணை இருக்கிறது. அதற்கும் அரை நாள் ஒதுக்குங்கள். 1998-இல் தொடங்கிய பண்ணை. தொட்டியிலேயே இனம் பெருக்கி வளர்க்கிறார்கள்.

சுற்றிக் காட்டும்போது கையைக் கழுவச் சொல்லி, தண்ணீருக்குள் அசையாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். மஞ்சள் நிறக் கடல்குதிரை ஒன்று மெதுவாக மிதந்து வந்தது. முதலில் வால் நுனி மட்டும் சுண்டுவிரலைத் தொட்டது. அப்புறம் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. எதிர்பார்த்ததைவிட இறுக்கமான பிடி. ஒரு கண் என்னைப் பார்க்க, மற்றது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அதற்கு என் விரல் ஒரு கடல்புல் தண்டு, அவ்வளவுதான். கடல்குதிரைக்கு நீச்சல் பலம் குறைவு. முதுகுத் துடுப்பை நொடிக்கு 35 தடவை வரை அடித்தும் மெல்லத்தான் நகரும். அதனால் கடலில் புல்லையோ பவளத்தையோ பிடித்தபடி நிற்கும். தொட்டியில் பிடிமானம் போதாவிட்டால் ஒன்றின் வாலை இன்னொன்று, ஏன், கழுத்தைக்கூடச் சுற்றிக்கொள்ளும். கொஞ்சுகின்றன என்று நினைத்து நாம் படம் எடுப்போம். அவை தேடுவது கொழுகொம்பு.

சாப்பாட்டிலும் இதே கதைதான். வயிறு கிடையாது, தின்றது சீக்கிரமே வெளியே போய்விடும், ஆகவே நாள் முழுக்கத் தின்ன வேண்டும். கடலில் பதுங்கி நின்று, பக்கத்தில் வரும் உயிருள்ள சின்ன இறாலை உறிஞ்சும். அங்கிருந்து பிடித்து வரப்பட்டவை, உறைய வைத்த இறாலைப் பெரும்பாலும் சீண்டாமல் மெலிந்துபோகும். பண்ணையில் பிறந்தவை அதற்குப் பழகிவிடுகின்றன. ஆள் நிழல் கண்டாலே ஓரத்துக்கு வந்து காத்திருக்கின்றன.

தொட்டிக்கு உயரமும் வேண்டும். ஜோடி சேரும்போது ஆணும் பெண்ணும் நிறம் மாறி, உடலோடு உடல் ஒட்டி மேலே எழும்பும். அப்போதுதான் பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் இடும். ஆழமில்லாத தொட்டியில் முட்டைகள் கீழே சிந்திவிடும்.

என்னை மிகவும் உறுத்துவது சத்தம். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு மாதம் இரைச்சலான தொட்டியில் இருந்த கடல்குதிரைகள், அமைதியான தொட்டியில் இருந்தவற்றைவிட மெலிந்து, நிலைகொள்ளாமல் தவித்தன. நம் காதுக்குப் பழகிப்போன மோட்டார் ரீங்காரம் அவற்றுக்கு ஓயாத தொல்லை; கண்ணாடிச் சுவருக்குள் விலகிப் போக இடமும் இல்லை.

வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டால் பண்ணையில் பிறந்ததையே வாங்குங்கள். வேகமாக நீந்தும் மீன்களோடு விடாதீர்கள், தீனி முழுக்க அவற்றுக்கே போய்விடும். பிடித்துக்கொள்ள நிறையக் கொம்புகளோடு உயரமான தொட்டியும் சத்தம் போடாத மோட்டாரும் அமையும்வரை ஆரம்பிக்கவே வேண்டாம்.